ஏழாவது கட்டம்

ராஜாஜி சாலைப் பதிவாளர் அலுவலகத்தில்
படிவத்தின் ஏழாவது கட்டம் கேட்கிறது:
திருமணம் நடந்த இடம்.

கடல் என்றாள் செராபீனா.
கடல்னா எந்தத் தாலுகா என்றார் எழுத்தர்.
கேலியாக இல்லை, கட்டம் அப்படி.

அந்த வருஷம் இங்கேதான் சொன்னார்கள்,
பலகையில் இரண்டு பெயரும்
முப்பது நாள் தொங்கவேண்டும் என்று.
கப்பலுக்கோ பதினோரு நாள்.
ராயபுரத்தில் அவள் அண்ணன்மார்
பலகை படிக்கத் தெரிந்தவர்கள்.

பினாங்குக் கப்பலில் நான்காம் இரவு
கேப்டன் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
பிறந்தால் எழுதுவேன், செத்தால் எழுதுவேன்,
இதற்கு எனக்கு அதிகாரம் இல்லை.
பிறகு எழுதினார்:
காற்று தென்மேற்கு. லேசான அலை.
டெக் பயணிகள் இருவர் மோதிரம் மாற்றிக்கொண்டனர்.
சாட்சி ஒரு வெங்காய வியாபாரி,
வாந்திக்கு நடுவே கையெழுத்துப் போட்டவர்.

உதுமான் போய் ஏழு மாதம்.
பென்ஷனுக்கு, மனைவி என்று ஒரு காகிதம் வேண்டும்.

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார்:
ராயபுரம்னு போட்டுடுங்கம்மா, முடிஞ்சது.

ஜன்னலுக்கு வெளியே துறைமுகச் சுவர்.
அதன் மேலே ஒரு கிரேன் மெல்லத் திரும்பியது.

ராயபுரம் வேண்டாம் என்றாள்,
அங்கே நடக்கவிடலை.
பேனாவை வாங்கி
கட்டத்துக்குள் அடங்காத எழுத்தில் தொடங்கினாள்:
காற்று தென்மேற்கு.