மேசையின் அடிப்பக்கம்

படிவத்தில் ஆறாம் நிரல்: பிறந்த இடம்.
சந்நியாசிமார் மடம் என்றேன்.
பதிவாளர் பேனாவை மூடினார்.
"பட்டியலில அப்பிடியொரு ஆஸ்பத்திரி இல்லையம்மா.
ஏதும் அத்தாட்சி கொண்டு வாங்கோ."

ஒட்டுசுட்டானில் இருந்து மூன்று கட்டை,
முதிரைக் காட்டை முட்டிக்கொண்டு நிற்கிறது.
இப்போது கடன் கொடுக்கும் கம்பனி.
மகனோடு போனேன். பதினாறு வயது,
அடையாள அட்டை இல்லாமல்
சோதனை மண்டபத்துக்குள் விடமாட்டார்களாம்.

முகாமையாளர் பொடியன். கதிரை தந்தான்.
"நாங்கள் வந்து ஆறு வருசம்தான் அன்ரி,
அதுக்கு முந்தி என்னெண்டு தெரியாது."
அவன் முழங்கை ஊன்றியிருந்த மேசையை
எனக்குத் தெரியும்.

பாலை மரம். பன்னிரண்டு முழம்.
கதவுக்குள்ளால் போகாது;
மேசையை வைத்துவிட்டுத்தான் சுவரை எழுப்பினார்களாம்
பேசாத பிறதர்மார்.
சோறு வேண்டுமென்றால் பலகையில் ஒரு தட்டு,
சொதிக்கு இரண்டு.
கடைசிப் பிறதர் சவிரிமுத்து
அத்தனை முழத்தின் ஒரு முனையில்
தனியே இருந்து சாப்பிட்டாராம்.
தட்டினாரா, தெரியாது.

பிறகு சங்கம் வந்து நெல்மூட்டை அடுக்கியது.
மூட்டை போய் வரைபடம் வந்தது.
அதை விரித்தவர்கள் யன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்கள்,
நாங்களும் அந்தப் பாதையால்
சைக்கிளை விடுவதில்லை.
அடுத்த கார்த்திகை மழைக்குள் ஓர் ஆஸ்பத்திரி
உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்தது.
பதினொரு நாள் இருந்தது.

ஒன்பதாம் நாள் இரவு, நான்.
கட்டில் இல்லை.
மருத்துவிச்சி பரிபூரணம்
மேசையை டெற்றோலால் துடைத்தா.
"கத்து பிள்ளை, வெளியில கேக்கிற சத்தத்துக்கு
உன்ர சத்தம் ஆருக்குக் கேக்கப்போகுது."
சொதிக்கும் வாய் திறவாதவர்களின் அறையில்
நான் கத்தினேன்.

பரிபூரணம் இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பா.
வலைஞர்மடத்தை அவ தாண்டவில்லை.

மேசையின் மேலே இப்போது வெள்ளைப் போர்மைக்கா.
மகன் கீழே புகுந்தான், போன் வெளிச்சத்தோடு.
"அம்மா, இஞ்ச எழுத்துக் கிடக்கு."
தாரில்: ப.நோ.கூ.ச. 27.
பச்சையில் சிங்களத்தில் ஏதோ, ஒரு இலக்கம்.
கண்ணிவெடி எடுத்தவர்களின் ஒட்டுத்துண்டு, பாதி உரிந்து.
மூலையில் வெள்ளைப் பெயின்றில்
மா.வை. 14.

பதினொரு நாளுக்கும்
ஒரு களஞ்சியப் பொறுப்பாளர் இருந்திருக்கிறார்.
ஷெல் விழ விழக் குனிந்து
இலக்கம் போட்டிருக்கிறார்.
எல்லாரும் போட்டிருக்கிறார்கள்,
பிறதர்மாரைத் தவிர.

பதிவாளர் என்ன சொல்வார், தெரியும்:
மேசை ஆஸ்பத்திரியுடையது என்பதற்குத்தான் இது அத்தாட்சி.

கடன் தவணை கட்ட வந்த இரண்டு பெண்கள்
வெளியே நீண்டிருந்த அவன் கால்களைக்
கடந்து போனார்கள்.
"எந்தப் பக்கம் அம்மா, நான்?"
பிறின்ரர் நிற்கும் பக்கத்தை நாடியால் காட்டினேன்.
கீழே கிடப்பவனுக்கு எப்படித் தெரியும்,
அந்த இடத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

கீழிருந்து இரண்டு கேட்டது.

சொதி.