வீட்டுக்குள் சொல்லும் பெயர்

திங்கள்சந்தையில் பூட்டிக் கிடந்த
டியூஷன் சென்டரின் மாடி.
பதினோரு பேர்.
மூன்று ஞாயிறு மத்தியானம்
நல்லபடியாகவே பேசினோம்.
கொடை, திருவிழா, கந்தூரி,
ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு அணைய வேண்டும்,
எங்கள் பாயசம், உங்கள் கேக், அவர்கள் பிரியாணி.
அவ்வளவு நல்லபடியாகப் பேசியதில்
ஒருவரைப் பற்றி ஒருவருக்கு
ஒன்றும் தெரியவில்லை.

நாலாவது ஞாயிறு மழை. கரண்ட் இல்லை.
ஷமீம்தான் கேட்டான்:
"நாங்க இல்லாதப்போ
உங்க வீட்டுல எங்கள என்ன சொல்லுவாங்க?
எழுதுங்க. பேரு போடாண்டாம்."

நேந்திரங்காய் சிப்ஸ் தீர்ந்த டப்பாவில்
பதினோரு சீட்டு.
எண்ணெய் ஊறி
எழுத்து பின்பக்கமும் தெரிந்தது.

அஜின் வாசித்தான். நடுவில் தொண்டையைச் செருமினான்.
ஷமீம் ஒரு சீட்டை வாங்கிப் பார்த்தான்,
பிறகு இன்னொன்றை.
ஒன்று கோயில் வீடு, ஒன்று சர்ச் வீடு
(யாரைத் திட்டவில்லை என்பதில் தெரிந்துவிடும்).
இரண்டிலும் ஒரே சொல்,
ஒரே எழுத்துப் பிழையோடு.
"இதுல மட்டும் ஒத்துமையா இருக்கியளே"
என்று சிரித்தான்.
கூடச் சிரிக்க யாருக்கும் வரவில்லை.

அடுத்தது என்னுடையது.
கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான்.
என் 'ழ'வுக்கு வால் நீளம்.
மெற்றில்டா சீட்டைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.
"புதன்கிழமை உங்க மதிலுக்கு வெளிய நின்னு
நெத்தோலி அளக்கது
எங்க அம்மையாக்கும்."
குடையை மறந்து இறங்கிப் போனாள்.

ஒரு வாரம் அந்தக் குடை
என் அறையில், கட்டிலைப் பார்த்தபடி.

அடுத்த ஞாயிறு வந்தாள். குடைக்கு என்றாள்.
உட்கார்ந்தாள்.
"போன வாரம் நான் பாதிதான் எழுதினேன்.
எங்க வீட்டுல உங்கள சொல்லுகது இது."
வாசித்தேன். காது சுட்டது.
மன்னிப்புக்கென்று
ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தேன்,
அது வாய்க்கு வரவில்லை.
"இது எங்க எல்லாரையுமா,
எங்க அப்பாவ மட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.
உதட்டைக் கடித்தாள். கடித்தும்
சிரிப்பு வெளியே வந்துவிட்டது.
ஷமீம் சிரிக்கவில்லை.
அவனுடைய இரண்டு சீட்டும்
இன்னும் அவன் சட்டைப்பையில்தான்.

புதன்கிழமை.
மதிலுக்கு அப்பால் குரல்.
பன்னிரண்டு வருஷமாக எங்கள் மீன்சட்டி
போய் வருகிற கை.
அடுக்களையிலிருந்து அம்மா
அந்தச் சொல்லைச் சொல்லி,
"வந்துட்டாளா பாரு" என்றாள்.
"ரெஜினாள் மாமி வந்திருக்காவ" என்றேன்.

தேங்காய் திருவும் சத்தம் நின்றது.
"எந்த ரெஜினாளு?"