முன்பக்கம் மட்டும்

வெட்டூர்ணிமடத்தில் டயர் கடைக்கு மேலே எங்கள் லேப்.
வாய்கள் இங்கே வருவதில்லை.
பிளாஸ்டர் அச்சுகள்தான் வரும், ஒரு சீட்டோடு.

இந்தத் தடவை ஆளே வந்தார்.
குறும்பனை பெலவேந்திரன், விசைப்படகு டிரைவர்.
மஸ்கட்டில் கட்டிய தங்கப்பல்,
டாக்டர் கழற்றிக் கொடுத்தது, சட்டைப்பையில்.
பதினோரு வருடம் பாஸ்கு நாடகத்தில் யூதாஸ்.
முப்பது காசை எண்ணிச் சிரிக்கும்போது
லைட்காரன் அந்தப் பல்லுக்கென்றே ஒரு பல்பு வைப்பானாம்.

"இந்த வருசம் இயேசு நான்தான்" என்றார்,
கடனை ஒத்துக்கொள்கிற குரலில்.
வழக்கமாக நடிக்கும் ரெக்சன் கத்தாருக்குப் போய்விட்டான்.
தாடியும் உயரமும் இவருக்குத்தான் மிச்சம்.
பங்குச்சாமி சொன்னது ஒன்றே ஒன்று:
சிலுவையில் ஏழு வார்த்தை,
ஏழு தடவை வாய் திறக்கணும்.

சீட்டில் எழுதியிருந்தது: கிரவுன், ஒன்று.
இன்னொன்றை ஊரில் முள்ளால் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

தங்கத்தின் முன்பக்கம் ஜன்னல் வெட்டினேன்.
பிடிமானத்துக்கு மயிரிழை வளையங்கள்,
மஞ்சள் தெரியாமலிருக்க ஒரு பூச்சு,
மேலே அக்ரிலிக் அடைத்து
வெந்நீரில் ஒன்றரை மணி நேரம்.
நிற அட்டையை உதட்டருகே பிடித்தபோதே
என் கையைத் தள்ளிவிட்டிருந்தார்.
"வெள்ளையா வேண்டாம் கேட்டியளா.
பீடி குடிச்ச பல்லு. பக்கத்துப் பல்லு சிரிக்கும்."
ஈறோரம் கொஞ்சம் தவிட்டு நிறம் சேர்த்தேன்,
நுனிக்குக் கஞ்சித்தண்ணி.

ஒட்டியபின் காட்ட வந்தார்.
நாக்கால் பின்பக்கம் தடவிக்கொண்டே,
"உள்ள அவன்தான் இருக்கான்."

புனித வெள்ளி ராத்திரி.
எல்லோரும் இயேசுவைப் பார்த்தார்கள்,
நான் மேல்வரிசையில் ஒரு பல்லை.
நான்கு வார்த்தை தாங்கியது.
"தாகமாய் இருக்கிறது" என்றதும்
கம்பு நுனியில் கடற்பஞ்சு.
படைவீரன் கொஞ்சம் வேகமாகவே நீட்டிவிட்டான்.

"எல்லாம் நிறைவேறிற்று."
மின்னியது.
முன்னால் மணலில் இருந்த ஒரு பையன்
"லே, யூதாஸ்" என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.
ஏழாவதை அவர் உதடு பிரிக்காமல் சொன்னார்.
பக்கத்து நாற்காலிப் பெண்
அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

செவ்வாய்க்கிழமை தீப்பெட்டியில் வந்தது அந்தத் துண்டு,
சுண்டுவிரல் நகத்தில் பாதி.
வளையம் ஒன்று குறைத்து வைத்திருக்கிறேன்,
தப்பு என்னுடையது.
போன் செய்தேன்.
இஞ்சின் சத்தத்துக்கு நடுவில்
"கடல்ல கிடக்கேன், பொறவு பாப்போம்" என்றார்.

இரண்டு மாதமாயிற்று.
சில மாலைகளில் ஜன்னலோரம் வைத்துப் பார்ப்பேன்.
நிறம் சரியாகத்தான் கலந்திருக்கிறேன்.