கடந்த நான்கு வாரங்களில்

கடந்த நான்கு வாரங்களில்
தாகம் உங்களை எந்த அளவுக்குத் தொந்தரவு செய்தது?
ஒன்று, இல்லவே இல்லை.
ஐந்து, மிக அதிகம்.

அட்டையை மடியில் வைத்து வாசிக்கிறது
நர்ஸிங் படிக்கும் பிள்ளை, தஸ்லிமா.
கீழக்கரைக்காரி.
பேனா மூடியைக் கடிக்கிற பழக்கம்.
பெயர் சந்தியாகம்மாள், வயது நாற்பத்து நாலு,
ஊர் பாம்பன். இதெல்லாம் எழுதியாயிற்று.

கட்டிலோரம் அவர் நிற்கிறார்.
மூணு போட்டுக்கம்மா, என்றேன்.
அரிப்பு?
மூணு.
கால் இழுப்பு? அதுவும் மூணு.
தூக்கம் எப்படி என்று கேட்டபோது
அவர் என்னைப் பார்த்தார்.
நல்லாத் தூங்குறேன், ரெண்டு.

இடது கையில் இரண்டு ஊசி.
என் ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வருகிறது,
செவ்வாயும் வெள்ளியும், நாலு மணி நேரம்.
இருட்டோடு பஸ் ஏறி
ராமநாதபுரம் வந்து எடை மேடையில் ஏறினால்
மூணு கிலோ கூட.
அத்தனையும் தண்ணிதான், என்பார் டெக்னீசியன்,
மடியிலிருந்து திருட்டு நகையை எடுத்த மாதிரி.

டீ குடிச்சிட்டு வாறேன் என்று அவர் போனார்.
செருப்புச் சத்தம் படி இறங்கட்டும் என்றிருந்தேன்.

அழிச்சிட்டு எழுதும்மா.
தாகம் அஞ்சு.
ஆறு இருந்தா ஆறு.

கடற்கரை மணலில் ஊத்துத் தோண்டி
கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு
ஒரு குடத்துக்கு ஒரு மணி நேரம் குந்தியிருந்தவள் நான்.
இப்போது வாசலிலேயே குழாய்.
அது சொட்டுகிற சத்தத்தில் எழுந்து போய்
துணி சுற்றிவிட்டு வந்து படுக்கிறேன்.
முக்கால் லிட்டர் என் பங்கு.
பாட்டிலில் மகள் நகச்சாயத்தால் கோடு போட்டிருக்கிறாள்.
மாத்திரைக்கும் அதிலேதான். ரசமும் கணக்கில் வரும்.

காலில் தகரத் தட்டும் விரல்களில் துணியுமாய்
பாசி எடுக்க முங்கிய காலத்தில்
நூறு எண்ணும் வரை மூச்சை அடக்குவேன்.
மூச்சை அடக்கத் தெரிந்தவளுக்கு
நாக்கை அடக்கத் தெரியவில்லை என்று எழுது.
அதற்குக் கட்டம் இல்லையா? சரி, விடு.

அரிப்பு நாலு.
ராத்திரி ரெண்டு மணிக்குத் தேங்காய் நாரால் தேய்க்கிறேன்.
கால் இழுப்பு மூணாம் மணி நேரத்தில் வரும்,
நங்கூரக் கயிற்றை முறுக்குகிறது போல.
அப்போது கத்துகிறவள் நான்தான், உனக்கே தெரியும்.

பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு.
பெரியபட்டினத்து அசனலி அங்கேதான் படுத்துக்கொண்டு
ஸ்கோர் என்ன, ஸ்கோர் என்ன என்பார்.
போன வெள்ளிக்கிழமை வரவில்லை.
அட்டையில் அதைப் பற்றிக் கேள்வி எதுவும் இல்லை.

சந்தோஷமாக இருந்த நேரம்?
இருந்தது.
மத்தியானம் ஐஸ் கம்பெனி வெளிச்சுவரில்
முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பேன்.
ஒரு நாள் மீன் பெட்டியிலிருந்து
ஒரு சில்லு எடுத்து வாயில் போட்டேன்.
நெத்திலி வாடை. துப்பவில்லை.
இவரிடம் சொல்லிவிடாதே.

தஸ்லிமா பக்கம் திருப்பினாள்.
அடுத்த கேள்வியில் காது வரை சிவந்தது.
இது வேணாங்க்கா.
வாசி பிள்ளை, ரெண்டு பெத்தவள்தானே நான்.

கணவன் மனைவி நெருக்கம்.
திருப்தி எவ்வளவு?

விளக்கணைத்ததும் அவர் என் கையில் காது வைப்பார்,
நரம்பைச் சேர்த்துத் தைத்த இடத்தில்.
உள்ளே குர்ரென்று ஓடும்.
இருபது வருஷம் வல்லத்து இன்ஜின் பார்த்த காது.
கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு,
ஓடுது, என்பார்.
அப்புறம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.
சில ராத்திரி திரும்புவதில்லை,
காது அங்கேயே கிடக்கத் தூங்கிப்போவார்.
கை மரத்துப்போகும். எடுக்க மாட்டேன்.
தூக்கம் கெடுவது அதனாலும்தான்.

இதுக்கு எத்தனைம்மா போடுவே?

பேனா மூடி அவள் பல்லிலேயே இருந்தது.

படியில் செருப்புச் சத்தம்.
காகிதக் கோப்பையில் கால்வாசி டீ,
எனக்கென்று அளந்து கொண்டுவந்திருக்கிறார்.
முடிஞ்சுதா? என்ன சொன்னா?

அட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்தபடி
தஸ்லிமா சொன்னாள்,
எல்லாம் மூணுதாங்கண்ணே.