நூற்று இருபத்தொன்பது

இரவு ஒன்றரைக்கு எடைமேடை நின்றுபோனது.
கே.வி.கே. குப்பம் வரைக்கும் ட்ரெய்லர்கள்,
ஹாரன், கடற்காற்றோடு வரும் கந்தக வாசம்.
மேசைக்கடியில் சர்வர்
இடமில்லை என்கிறது.

டிஎஃப் சொன்னது: இருநூறு ஜிபி, முழுக்க நிரம்பிற்று.
டியூ ஒவ்வொரு ஃபோல்டராகப் போய்
கதவைத் தட்டி, தலையை எண்ணிவிட்டு வந்து
எழுபத்தொன்று என்றது.
இரண்டுக்குமே பொய் சொல்லத் தெரியாது.
மிச்சம் நூற்று இருபத்தொன்பது எங்கே?

அழித்த பிறகும் விடாமல்
எந்த புரோகிராமாவது எதையாவது
பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன்.
இல்லை.
தனசீலன் போனில், பாதித் தூக்கத்தில்:
"பழ்சு எல்லாம் அடிச்சு வுடு பியூலா, வண்டி நிக்குது."
அடிக்கலாம். எதை?

எங்கள் தண்டையார்பேட்டை வீட்டு வாசல் ஞாபகம் வந்தது.
ரோட்டு மேல் ரோடு போட்டுப் போட்டு
மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள்
இப்போது ஒரு படி இறங்குகிறோம்.
அந்தப் படிகளை யாரும் உடைக்கவில்லை.
தாருக்குக் கீழே
சிவப்பு சிமெண்ட் பூச்சோடு இருக்கும்.

டிசம்பர் புயலில் வெளி டிஸ்க்கின் கேபிள் கழன்றது.
'பதிவேடு' என்ற பெயர் மட்டும் அங்கேயே இருந்தது,
வெறும் ஃபோல்டராக.
பெயர் இருந்ததால் பதினொரு நாள் எடையும் படமும்
அதிலேயே போய் விழுந்தன.
பிறகு யாரோ கேபிளைச் செருக
டிஸ்க் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.
புயலில் போச்சு என்று எழுதி
நாங்கள் ஃபைலை மூடினோம்.

வேரை இன்னொரு பெயரில் கட்டி
அந்த வழியாக இறங்கினேன்.

ஆறாம் தேதி, 2:14.
மழைக்கோடுகளுக்கு நடுவே ஒரு லாரியின் முதுகு.
38,460 கிலோ.
இதற்காகத்தான் தமீமுன் அன்சாரி
ஜனவரியில் மூன்று தடவை வந்து
கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
"எடை போட்டேன்மா. சீட்டுதான் நனைஞ்சிபோச்சு."
கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றிலும் தேடினேன்.
"ரெக்கார்டே இல்ல பாய்."
சரக்குக் குறைவு என்று
வாடகையில் பதினெட்டாயிரம் பிடித்தார்கள்.

மொத்தத்தையும் நகலெடுத்த பிறகுதான் அழித்தேன்.
தனசீலன் இரண்டு முறை கூப்பிட்டான், எடுக்கவில்லை.
மூன்று ஐம்பதுக்கு முதல் வண்டி மேடை ஏறியது.

பாயின் நம்பர் என்னிடம் இல்லை.
படத்தைப் பெரிதாக்கினால்
பின்பலகையில் மஞ்சள் பெயிண்டில்
ஒன்பது எண்கள்.
பத்தாவது
தார்ப்பாய்க் கயிற்றுக்குப் பின்னால்.

விடியட்டும் என்று இருந்தேன்.
ஆறு மணிக்கு
பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தேன்.