முயல்வேலி

முயலைத் தடுக்கப் போட்ட வேலி.
அடியில் வளை தோண்டி
என்றைக்கோ மேற்கே போய்ச் சேர்ந்தன முயல்கள்.
நின்றுபோனது மேகம்தான்.

நான் மருந்தடிக்கும் விமானம் ஓட்டுகிறவள்.
பத்தொன்பது அறுவடை ஆயிற்று
இந்தக் கம்பிக்கு மேலே போய்வந்து.
கிழக்கே குட்டைத் தைலமரக் காடு,
கறுத்து, சொரசொரப்பாக, கண்ணுக்கெட்டும்வரை.
அதன்மேல் போனால் விமானம் உதறும்,
பல்லோடு பல் மோதும்.
ஆழத்து ஈரத்தை வேர் இழுத்து இலை விட
சூடேறிய காற்று அதைத் தோளில் தூக்கிக்கொண்டு
மேலேறுகிற இடம்.

மேற்கே கோதுமை அறுத்த தாள்,
மழித்த தலைபோல வெளுத்து.
அங்கே பறப்பது
துடைத்த மேசையில் கோப்பையைத் தள்ளுவது மாதிரி.
ஒரு குலுக்கல் கிடையாது.
ஒரு மேகமும் கிடையாது.
பஞ்சுப்பொதிகள் வரிசையாக வேலிவரை வந்து
அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல் முடியும்.

கிளம் ட்ரெவாஸ்கிஸிடம் சொன்னேன்.
வேலிக்கு இந்தப் பக்கம் அவருக்கு
மிச்சம் முன்னூறு ஏக்கர் காடு.
சங்கிலி போடப் போகிறார்:
இரண்டு டிராக்டர், நடுவே கப்பல் சங்கிலி,
இரண்டே நாளில் எல்லாம் படுத்துவிடும்.
'மழை கடலிலிருந்து வருகிறது பெண்ணே,
மரத்திலிருந்தா?'
குளிர்கால மழைக்கு அது சரிதான்.
கோடை மழையைப் பற்றி
இருவருமே வாய் திறக்கவில்லை.
தாழ்ந்த வயலில் உப்புப் பூத்திருந்தது.
உறிஞ்ச வேரில்லாத நிலத்தடி நீர்
மெல்ல ஏறி வந்திருந்தது.
மேலிருந்து வரவேண்டியது வராமல்
கீழிருந்து வரக்கூடாதது வந்த வயல்.

எல்ஸ்பெத், அவர் மனைவி,
முப்பது வருஷமாக மழைக்கணக்கு எழுதுகிறவள்,
தபாலில் இன்னொரு மழைமானி வரவழைத்தாள்.
நான் கம்பியைத் தூக்கிப் பிடித்தேன்.
அவள் குனிந்து நுழைந்து
காட்டுப்பக்கம் ஒரு திறந்த மேட்டில் நட்டுவிட்டு
பாவாடையில் முள்ளோடு வந்தாள்.

பிப்ரவரியில் ஒருநாள் இடி.
நோட்டில் புதிதாக ஒரு பத்தி; தலைப்பு எழுதவில்லை.
இந்தப் பக்கம் மூன்று மில்லிமீட்டர்.
அந்தப் பக்கம் பதினொன்று.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கிளம் பார்த்தார்.
'ஒரு மழையில் என்ன தெரியும்?
உன் புது மானி கோளாறு.'
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்;
இந்த வேலியோரம் அந்த இனமும் நிறைய.

ஆனால் விடிந்ததும் அவரே போய்
இரண்டு மானிகளையும் பிடுங்கி
இடம் மாற்றி நட்டார்.
மட்டம் வைத்துப் பார்த்து, நேராக.

அதற்குப் பிறகு
இன்னும் மழை வரவில்லை.
மூன்று பேரும் தினமும் அண்ணாந்து பார்க்கிறோம்.
சங்கிலி கொட்டகையில் கிடக்கிறது,
எண்ணெய் பூசியபடி.