ஓரெழுத்து கூடுதல்

முதலில் வந்தது ஒரு தகரப் பெட்டி.
மார்பில் மூன்று விளக்கு,
கைகள் இரண்டும் சலவை இயந்திரக் குழாய்.
விண்கப்பலில் ஒன்பது பேருக்குச் சமைத்துப்போட்டு
ஒவ்வொருவரிடமும் கேட்கும்: உப்பு சரியா?

வீடியோ கேசட் காலம்.
பங்சாரில் மூன்றாவது மாடி அலுவலகம்.
படத்தின் அடியில் தமிழில் இரண்டு வரி எழுதுவது என் வேலை.
வரிக்கு இருபத்தாறு எழுத்து. மீறினால்
எட்மண்ட் சின்னப்பன் சிவப்பு மையோடு வருவார்.

பக்கத்து மேசை ரொஸ்னாவுக்குத் தொல்லையே இல்லை.
மலாயில் 'டியா' என்று ஒரு சொல் வைத்திருந்தாள்.
கப்பல் தலைவன் டியா, அவன் மனைவி டியா,
தகரப் பெட்டியும் போனால் போகட்டும், டியா.
நாலரைக்கே மகளை அழைத்துவரக் கிளம்பிவிடுவாள்.
நான்தான் குடிநுழைவு அதிகாரி மாதிரி
ஒவ்வோர் இயந்திரத்தையும் வாசலில் நிறுத்தி
'நீ எந்தத் திணை' என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் படிவத்தில் மனப்பாடம் செய்த இலக்கணத்தில்
நரகத்தில் கிடப்பவருக்குக்கூட மேல்வரிசையில் இடமுண்டு.
தகரத்துக்கு இல்லை.
'உப்பு சரியா என்று கேட்டது'
என்று எழுதிவிட்டு தே தாரேக் குடிக்கப் போனேன்.

பிறகு எஃகுப் பெண் ஒருத்தி.
நீதிமன்றத்தில் குறிப்பெடுப்பவள்,
யாராவது பொய் சொன்னால் இடது கண் துடிக்கும்.
சின்னப்பன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை,
'அவள்னே போடு' என்றார்.
இடுப்பு இருந்தது, அவ்வளவுதான் தகுதி.

செயற்கைக்கோள் அலைவரிசை வந்த புதிதில்
கலங்கரை விளக்கத்து இயந்திரம்.
இருபத்திரண்டு பாகமும் தனியாகவே இருந்தது.
உப்புக்காற்றில் முழங்கால் துருவேறிப்
படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறும்.
கடைசிப் பாகத்தில், புயலில் மின்சாரம் போனதும்
தன் மின்கலத்தைக் கழற்றி விளக்கில் மாட்டிவிட்டு
அப்படியே சுவரில் சாய்ந்தது.
தூரத்தில் ஒரு படகு திரும்பியது.

அது: இரண்டு எழுத்து.
அவர்: மூன்று.
ஆளாக்க ஓரெழுத்துதான் கூடுதல்,
அன்று வரியில் இடமும் இருந்தது.
'அவர் போய்விட்டார்' என்று எழுதினேன்.
ஓரத்தில் சிவப்பாக: யார் இவர், உன் சொந்தக்காரரா?

ஒளிபரப்பில் அது நின்றுவிட்டது.
மறுநாள் செந்தூலிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர்
தொலைபேசியில் கூப்பிட்டார். சுற்றும் முற்றும் லாரிச் சத்தம்.
'அந்த விளக்குக்காரப் பையன் செத்துட்டானா, தங்கச்சி?'
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது எழுதுவதே இயந்திரம்.
பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்ககத்தில் ஒன்பதாவது மாடி,
நிமிடத்துக்கு இரண்டு ரிங்கிட் கூலிக்கு
அதன் பிழையைத் திருத்துகிறேன்.
திணை என்றால் என்னவென்றே தெரியாது அதற்கு.
மருத்துவர் அழுதது. குழந்தை ஓடினார்.
கல்யாணப் பெண்ணும் காரும் ஒன்றாக வந்தன.
கீழே ரயில் போகும்போதெல்லாம் மேசை அதிரும்,
நான் ஒவ்வொருவராகத் தூக்கி மேல்வரிசையில் உட்காரவைப்பேன்.

நேற்றிரவு ஒரு படம். ஏதோ ஒரு வீடு, இரண்டு தம்பிகள்,
உள்ளறையில் நோயாளி.
இயந்திரம் எழுதியிருந்தது:
அக்கா தூங்குகிறது.

விரல் போய்விட்டது திருத்த.
நின்றுவிட்டது.

சிரம்பானில் எங்கள் வீட்டில் இப்படித்தானே பேசினோம்.
'பாவம், அது காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.'
பூனையையும் அப்படித்தான் சொன்னோம்,
காய்ச்சலில் கிடந்த என் தங்கை சகாயத்தையும்.
புத்தகம் கீழே இறக்கிவைத்த சொல்லை
நாங்கள் மடியில் வைத்துக்கொண்டிருந்தோம்.

சின்னப்பன் அந்த அர்த்தத்தில் அடிக்கவில்லை.
தெரியும்.
இருந்தாலும் அந்த லாரிக்காரருக்கு
இப்போது ஒரு பதில் இருக்கிறது,
எண்தான் இல்லை.

மணி இரண்டு. மழை.
அக்காவை எழுப்பவில்லை.
'தூங்குகிறது' என்பதை மட்டும் 'தூங்குது' ஆக்கினேன்.
இரண்டு எழுத்து மிச்சம்.